இரண்டு மூட்டை அரிசிக்கு ஒரு வர்ணனை

ஆங்கிலத்தில் நான் ஒரே ஒரு வர்ணனைதான் எழுதியிருக்கிறேன். அதைப் படித்தவரும் ஒரே ஒருவர்தான். படித்து முடித்த கையோடு துப்பாக்கி பிடித்த எட்டுப் பேரை அனுப்பிவைத்தார். என் எழுத்துக்கு அதற்குப் பிறகு அவ்வளவு வேகமாக யாரும் பதில் போட்டதில்லை.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். ஆயாக் கொட்டகையில் எனக்கு வேலை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் விடியற்காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவார்கள். ஏழு தொட்டில்களையும் ஆட்டி அடக்கிவிட்டால் பிறகு எனக்கும் மலைக்கும் நடுவே பனி மட்டும்தான் இருக்கும். கனவு காண்பதற்குச் சம்பளம் கொடுத்த ஒரே உத்தியோகம் அது.

கிராணி ஐயா, அதாவது தோட்டத்து ஆபீசில் கணக்கும் கடிதமும் பார்ப்பவர், பழைய தாள்களோடு கட்டிப் போட்டிருந்த ஓர் ஆங்கிலப் பாடப் புத்தகத்தை எனக்குக் கொடுத்திருந்தார். அட்டை கிடையாது. அதில் ஒரு பாடம் முழுக்க இடங்களை வர்ணிக்கும் சொற்கள். நகரத்துக்கு ஒரு பத்தி, நாட்டுப்புறத்துக்கு ஒரு பத்தி. நகரம் என்றால் ‘பஸ்லிங்’, சந்தடி நிறைந்தது. நாட்டுப்புறம் என்றால் ‘டிராங்க்வில்’, அமைதி தவழ்வது. ‘செக்லூடட்’ என்றால் ஒருவரும் எட்டிப் பார்க்காத ஒதுக்குப்புறம். பனி இறங்கித் தேயிலைச் சரிவை வரிசை வரிசையாக அழித்துக்கொண்டு வரும்போது, ‘டிராங்க்வில்’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். சொன்னதும் மலை எனக்காக இன்னும் கொஞ்சம் அமைதியாகிவிட்ட மாதிரி தோன்றும். நகரம் எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் ஒரே வரிசைக் கடைகள் கொண்ட தானா ராத்தாவுக்கு ‘பஸ்லிங்’ பட்டத்தைக் கொடுத்திருந்தேன். (இரண்டு லோரி சேர்ந்து நின்றாலே எனக்கு அது நகரம்.)

அது வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், காட்டுக்கு வெளியே பட்டாளம், நடுவில் நாங்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டு வாசலில் காவல் வைத்திருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, அனுமதித் தாள் இல்லாமல் ஒரு பிடி அரிசிகூடச் சாலையில் போக முடியாது. அந்த நேரம் பார்த்து என் அண்ணன் முத்தையாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பாக்கியம், மலையடிவாரத்தில் தாப்பாப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தாள்.

தானா ராத்தா ராவுத்தர் கடையில் இரண்டு மூட்டை அரிசிக்குச் சொல்லியாகிவிட்டது. தோட்டத்துக் கங்காணியான அப்பாவிடம் ராவுத்தர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

“அரிசி ரெடியா இருக்கு கங்காணி. போலீஸ் துரை கையெழுத்து மட்டும் கொண்டாங்க. அது இல்லாம லோரில ஏத்த மாட்டேன் லா, நானும் புள்ளகுட்டிக்காரன்.”

விண்ணப்பம் எழுத வேண்டிய கிராணி ஐயா காய்ச்சலில் கம்பளிக்குள் கிடந்தார். கம்பளிக்குள்ளிருந்தே எனக்கு யோசனை சொன்னார்.

“நீயே எழுதிரு புள்ள. வெறும் மூணு வரி எழுதிக் குடுத்துறாத, துரைக்கு மதிப்பில்லாம போயிரும். நல்லா நிறைவா எழுது.”

எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். துரைக்குப் போகும் தாள் எவ்வளவு நீளமோ அவ்வளவு மரியாதை. ஒரு நாள் லீவு கேட்கக்கூட ஒரு பக்கம் எழுதுவார்கள்.

தாளில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. உணவுப் பொருள் வைக்கப்படும் இடத்தை விவரிக்கவும். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து, பின்பக்கமும் சேர்த்து எழுதினேன். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘எங்கள் லயம் செக்லூடட் பள்ளத்தாக்கில் உள்ளது. அடர்ந்த, நுழைய முடியாத காடு எங்கள் வாசல்வரை வந்து தழுவுகிறது. வளைந்து செல்லும் ரகசியப் பாதைகள் பனிக்குள் மறைகின்றன. எங்கள் மக்கள் விருந்தோம்பலில் சிறந்தவர்கள். காட்டு வழியே களைத்து வரும் அந்நியரும் இங்கே பசியோடு திரும்பியதில்லை.’

கீழே அண்ணன் கையெழுத்துப் போட்டான். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “என் மக எழுதுனது” என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனார்.

மறுநாள் காலை அந்த எட்டுப் பேர் வந்தார்கள். அரிசிப் பானைகளைக் கவிழ்த்தார்கள், கூரைக்குள் கையை விட்டார்கள், என் ஏழு தொட்டில்களையும் தூக்கிப் பார்த்தார்கள். ரகசியப் பாதை எங்கே என்று கேட்டார்கள். (கக்கூஸுக்குப் போகும் பாதையைத்தான் நான் அப்படி எழுதியிருந்தேன்.) கடைசியில் அண்ணனை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அந்தக் காலத்தில் சந்தேகத்தில் பிடித்தவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அம்மா வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் அப்பாவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். போலீஸ் துரை இளவயது வெள்ளைக்காரர், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. என் தாள் அவர் மேசையில் இருந்தது. எல்லா வரிக்கும் அடியில் சிவப்பு மையில் கோடு. அவ்வளவு கவனமாக ஒரு வாசகர் படித்திருக்கிறார் என்று அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது. செருப்பாலடித்து அதை உட்கார வைத்தேன்.

“உங்கள் லயத்தைச் சுற்றி முள்வேலி இருக்கிறது, இல்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இருக்கு சார்.”

“வாசலில் காவல்?”

“இருக்கு சார்.”

“ராத்திரி முழுக்க விளக்கு? அதெல்லாம் இந்தத் தாளில் எங்கே?”

படித்த சொற்கள் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. என் பாடப் புத்தகத்தில் முள்வேலிக்குச் சொல்லே கிடையாது. மாதக்கணக்கில் அந்த வேலி வழியாகத்தான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மனசுக்குள் அதை எப்போதோ பிடுங்கி எறிந்திருந்தேன்.

“அது அழகா இல்ல சார்” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா, தலையெழுத்தை நொந்துகொண்டாரா, தெரியவில்லை. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது.

“ஆளை விடுகிறேன்” என்றார். “அரிசியை விடமாட்டேன். வேண்டுமானால் இங்கேயே, என் கண் முன்னால் சமைத்து, இங்கேயே சாப்பிட்டு முடியுங்கள்.”

ஆகவே என் அண்ணன் கல்யாணம் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் நடந்தது. பட்டாள வண்டிகளின் காவலோடு கான்வாயில் ஏறிவரும் பெண்வீட்டார் அதே கான்வாயில் பிற்பகலே இறங்கியாக வேண்டும். லயத்துக்குப் போய்வர நேரமில்லை. அதனால் தாலியும் அங்கேயே என்று முடிவானது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டினோம். புகையும் பனியும் கலந்து எது எதுவென்று தெரியாமல் மிதந்தன. அந்த வெண்மைக்குள் சாமந்தி மாலையோடு நின்ற அண்ணன் வேறெங்கோ ஓர் உலகத்தில் நிற்பதுபோல் இருந்தான். துப்பாக்கிக்காரர் ஒருவர் அருகில் வராமலிருந்தால் அந்த மயக்கம் நீடித்திருக்கும்.

இதையெல்லாம் பெண்வீட்டாருக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. லோரியிலிருந்து இறங்கிய பெண்ணின் அப்பா ஸ்டேஷன் பலகையைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்பாவிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சம்பந்தி, மாப்பிள்ள உள்ளயா, வெளியயா?”

“வெளியதான் சம்பந்தி. நேத்துதான் விட்டாங்க” என்றார் அப்பா. பொய் சொல்லவே தெரியாத மனிதர்.

பெண்ணின் அம்மா வண்டியைவிட்டு இறங்க மாட்டேன் என்றார். திரும்பிவிடுவோம் என்று ஒரே சத்தம். நான் முன்னால் போய், எல்லாம் நான் எழுதியதால் வந்தது என்று அழுதுகொண்டே சொன்னேன். பட்டுப்புடவையில் நடுங்கிக்கொண்டிருந்த பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் பார்த்தாள்.

“இம்மாம் தூரம் வளஞ்சு வளஞ்சு ஏறி வந்தாச்சு. வயிறு காயுது. சோறும் வெந்துருச்சு. எறங்கு ம்மா” என்றாள். இறங்கினார்கள்.

போலீஸ் துரையும் இலையில் சாப்பிட்டார். கடைசிப் பருக்கைவரை எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிறோமா என்று கவனித்துக்கொண்டே சாப்பிட்டார்.

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து ஈப்போவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேருந்தைப் பிடித்து ஓடினேன். வாசல் பெஞ்சில் அண்ணி தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

“உள்ளதான் இருக்காரு. நாளைக்கு வெளிய விடுறாங்களாம்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீ மட்டும் டாக்டருக்கு ஒண்ணும் எழுதிக் குடுத்துறாத, தாயே” என்றார்.