தன் சாட்சியத்தையே ரிஜெக்ட் செய்தவர்

தன் வழக்கில் தானே தோற்பதற்கு இவ்வளவு பாடுபட்ட மனிதரை ஓசூர் கோர்ட் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் எல்லோரும் அவரை ‘ரிஜெக்ட் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பைக்குக்கு கியர் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவர் கையில் பட்ட கியர்களில் பாதி சிவப்பு ஸ்டிக்கரோடு திரும்பிப் போகும். அந்தக் கம்பெனி மூடியதற்கே அவர்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். நான் ஒரு வக்கீலம்மாவிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அண்ணன் எங்கள் தெருக்காரர் என்பதால் நான்தான் அவரை அங்கே அழைத்துப் போனேன். கூட வேலை பார்த்த நண்பர் ஃபைனான்ஸில் வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி கர்நாடகத்துக்குள் காணாமல் போனார். ஃபைனான்ஸ்காரர் அண்ணனை சிவில் சிறையில் போட மனுப் போட்டுவிட்டார். ஜெயிலுக்குப் போய் வந்த ஆளை எந்தக் கம்பெனி கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். மிச்சமிருந்த ஒரே வழி திவால் மனு. ஊர்ப்பேச்சில் மஞ்சள் நோட்டீஸ். கையில் ஒன்றுமில்லை, எதையும் ஒளிக்கவும் இல்லை என்று கோர்ட் நம்ப வேண்டும். அவ்வளவுதான்.

பாஸ்புக், சம்பளச் சீட்டு, வீட்டு நகையெல்லாம் அடகுக்குப் போய்விட்டதைக் காட்டும் ரசீது எல்லாவற்றையும் ஒரிஜினலாகக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர். சரியாக இருந்தால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள். வழக்குக்கே உயிரான அடகு ரசீதில் பளிச்சென்று சிவப்பு.

“சீல் தெளிவா இல்லீங்க. நானா இருந்தா பாஸ் பண்ண மாட்டேன்” என்றார்.

“அண்ணா, இது நம்ம பக்கத்து ஆதாரம்ணா.”

“யார் பக்கம்னு பார்த்தா இன்ஸ்பெக்‌ஷன் பண்ண முடியாதுங்க.”

ஈரத்துணியும் பிளேடுமாக ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து உரித்தேன். ரசீது நம்பரில் பாதி ஸ்டிக்கரோடு வந்துவிட்டது. இதற்குத்தான் சிவப்பு ஒட்டினேன் என்பதுபோல் அவர் தலையாட்டினார்.

குறுக்கு விசாரணையில் ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்று வக்கீலம்மா மூன்று நாள் பாடம் நடத்தினார். முடிவில் அண்ணன் கேட்ட ஒரே சந்தேகம், கியர் அளவில் விடுவதுபோல் பதிலில் கூடக்குறைய எவ்வளவு போகலாம் என்பது. வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார்.

விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல், பட்டியலில் காட்டாத சொத்து உங்களிடம் இருக்கிறது என்றார். ‘இல்லை’ என்ற ஒரே சொல்லில் எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். அண்ணன் யோசித்தார்.

“ஒண்ணு இருக்குதுங்க. வெர்னியர் காலிப்பர், அளவு பார்க்கிறது. ரெண்டு பாயின்ட் தப்பாக் காட்டுது. அதனால எழுதலை.”

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறைத்த சொத்து என்று பதிவு செய்யச் சொன்னார். நான் கேஸ் கட்டுகளுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? சாட்சியத்தை டைப் அடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். பாதிப் பேர் படிக்காமலே போடுகிற கையெழுத்து. இவர் வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஓரிடத்தில் விரல் நின்றது. நண்பர் தன்னை ஏமாற்றிவிட்டதாக அண்ணன் சொன்னதாய் இருந்தது. எங்களுக்கு ரொம்பவும் சாதகமான வரி.

“ஏமாத்தினான்னு நான் சொல்லலீங்க ஐயா. போயிட்டான்னுதான் சொன்னேன். ஏன் போனான்னு எனக்குத் தெரியாது.”

நீதிபதி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தச் சொல்லை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். வக்கீலம்மா பார்த்தது என்னை.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. மனு ஏற்கப்பட்டது, அண்ணனைக் கைது செய்யக் கூடாது. தனக்கு உதவும் வரியையே அடிக்கச் சொல்கிறவர் சொத்தை ஒளித்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என எழுதியிருந்தார் நீதிபதி. நான் கூச்சத்தை விட்டு அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர், உத்தரவில் முத்திரை சாய்ந்திருக்கிறது என்றார்.

பிறகு கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் அவருக்கு டப்பா சோதிக்கும் வேலை கிடைத்தது. தினம் எத்தனை டப்பா திரும்புகிறதோ, அந்த முதலாளியை நினைத்தால் பாவமாக இருக்கும். எதையும் தேதி பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குகிறவன் நான். அந்தக் கம்பெனி டப்பாவை மட்டும் திருப்பிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வேன்.