நாற்பதைத் தாண்டாத வண்டியும் மாப்பிள்ளை போட்ட சக்கரமும்

முடிச்சூர்,
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி மாப்பிள்ளை ராகவேந்திராவுக்கு மாமனார் யக்ஞநாராயணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், உங்கள் மாமியார் ரமாவும், பிரசவத்துக்கு வந்திருக்கும் உங்கள் ஸ்ம்ருதியும் க்ஷேமம். புனேயில் உங்கள் க்ஷேமத்தையும் சம்பந்திகள் க்ஷேமத்தையும் அறிய ஆவல். க்ஷேமம் என்று எழுதிவிட்டேனே தவிர, ஒரு மாதமாக இங்கே ஒரு கணக்கு உதைத்துக்கொண்டிருக்கிறது. போன் இருக்கும்போது இந்த மனுஷர் எதற்காகக் கடிதம் எழுதி, அதையும் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறார் என்று நினைப்பீர்கள். போன் செய்தால் நீங்கள் பிரியமாக ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். பக்கத்தில் சம்பந்தி உட்கார்ந்துகொண்டு "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்கிறார். வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் அது குடும்ப குரூப்பில் போய் விழுகிறது. இதுவோ நமக்குள் இருக்க வேண்டிய விஷயம். விஷயம் வேறொன்றுமில்லை, நீங்கள் என் வண்டிக்குப் போட்ட சக்கரம்.

தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சீமந்தத்தன்று "மாமா, சாவியைக் கொடுங்கோ, வண்டியைக் கழுவிண்டு வரேன்" என்று வாங்கிக்கொண்டு போய், கறுப்பும் வெள்ளியுமாகப் பளபளக்கும் அலாய் வீலும், யானைக்கால் மாதிரி அகலமான டயருமாகக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். வந்திருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மாப்பிள்ளைக்கு மாமனார் செய்வதுதான் ஊர் வழக்கம், எனக்கு மாப்பிள்ளை செய்கிறார் என்று அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பதிமூன்று அங்குல சக்கரங்களை நீங்கள் கடையிலேயே விட்டுவிடச் சொல்லியும், நான் போய் எடுத்துவந்து பரணில் ஏற்றிவைத்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள், இனிமேல்தான் கடிதமே ஆரம்பம்.

என் வண்டியில் பெட்ரோல் முள் வேலை செய்யாது. முடிச்சூரில் வெள்ளம் வந்த வருஷம் வண்டி கழுத்தளவு தண்ணீரில் நின்றதே, அன்றிலிருந்து பாதியிலேயே நிற்கிறது. அதை நான் சரிசெய்யவும் இல்லை, ஏனென்றால் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு முள் எதற்கு? இருபது லிட்டர் போடுவேன். லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கும். மீட்டரில் முந்நூறு ஓடியதும் மறுபடி போடுவேன். ஒருநாளும் தப்பியதில்லை. "டேங்கை ரொப்பித் தொலைக்கப்படாதோ?" என்று ரமா கேட்பாள். ரொப்பினால் வண்டிக்குக் கனம், கனத்துக்குத் தனியாகப் பெட்ரோல் குடிக்கும் என்று விளக்குவேன், அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். அதே மாதிரி வேகத்திலும் எனக்கு ஒரு நியமம் உண்டு. ரிடையரான பிறகு தாம்பரத்தில் டிரைவிங் கற்றுக்கொண்டபோது சொல்லிக்கொடுத்தவர், "சார், நீங்க நாப்பதுக்கு மேல போகவே வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று முதல் இன்றுவரை முள் நாற்பதைத் தாண்டியது கிடையாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பின்னால் வருகிற பஸ் என்ன சொல்லி ஹாரன் அடித்தாலும் சரி.

உங்கள் சக்கரம் வந்த பிறகு வண்டி பெட்ரோலைக் காபி மாதிரி குடிக்க ஆரம்பித்தது. பதினெட்டு போய் பதினாலில் வந்து நின்றது. முதலில் பங்க்காரன் அளவில் குறைக்கிறான் என்று நினைத்து, அவனோடு நடுவெயிலில் சண்டை போட்டேன். அவன் அளவுப் படியைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் ஊற்றிக் காட்டினான், சரியாக இருந்தது. அப்புறம் யாரோ உறிஞ்சி எடுக்கிறார்கள் என்று டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவியைத் தொலைத்துவிட்டு, பூட்டை அறுக்க ஆள் கூட்டிவந்தேன். அப்புறம் ஏசியைப் போடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தேன். டிக்கியில் கிடந்த குடை, பழைய தினசரி, ரமாவின் தேங்காய் மூட்டை எல்லாவற்றையும் இறக்கினேன். "அடுத்தாப்ல என்னையும் இறக்கிடுவேள்" என்றாள் ரமா, வேர்த்து ஊற்றிக்கொண்டே. சக்கரத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாப்பிள்ளை போட்டது எப்படிக் கெடுதல் செய்யும்?

போன வாரம் ரமாவையும் ஏற்றிக்கொண்டு ஸ்ம்ருதியைக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்கு அழைத்துப்போனேன். தாம்பரம் மேம்பாலத்தில் பாதி ஏறியபோது வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. ஏசியை நிறுத்திப் பாரத்தை இறக்கியபின் பழைய பதினெட்டு திரும்பியிருக்கும் என்று நம்பியிருந்தேன். மீட்டரில் முந்நூறுகூட ஆகவில்லை, பெட்ரோல் தீரவே கூடாது! சாவியைத் திருப்புகிறேன், திருப்புகிறேன், உயிர் வரவில்லை. பின்னால் லாரி, பஸ், அதற்குப் பின்னால் மேற்குத் தாம்பரமே நிற்கிறது. ஏசி கிடையாது, நிழல் கிடையாது. ஒருத்தன் பைக்கை நிறுத்தி, "இன்னா பெர்சு, பாலத்த வெலைக்கு வாங்கிட்டியா?" என்கிறான். நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன் மாப்பிள்ளை. நிறைமாதக்காரி, முகமெல்லாம் சிவந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதே இடத்தில் இவளுக்கு வலி எடுத்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த வீட்டு சௌகத் அலிக்குப் போன் போட்டேன். டயர்க்கடை வைத்திருக்கிறாரே, சீமந்தத்துக்குக்கூட வந்திருந்தார், அவரேதான். "பதறாதீங்க சார், பாப்பாவுக்குத் தண்ணி குடுங்க, நான் வந்துட்டேன்" என்றார்.

அவர் கேனில் பெட்ரோலோடு வந்து சேரும்வரை உங்கள் மனைவி எனக்குப் பாடம் நடத்தினாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவள் சும்மா இருப்பாளா? சீமந்த வளையல் ஒன்றைத் தன் கையிலிருந்து கழற்றினாள். ரமாவின் கையிலிருந்து ஒரு பெரிய வளையலை வாங்கினாள். இரண்டையும் பின்சீட்டின் மேல் வைத்து உருட்டினாள்.

"ரெண்டும் ஒரே ஒரு சுத்து சுத்தறதுப்பா. எது ஜாஸ்தி தூரம் போறது?"

"அம்மாவோடதுதான். உங்கம்மா கை பெருசோல்லியோ."

"என் கைக்கு என்னவாம்?" என்றாள் ரமா, அந்தச் சமயத்திலும்.

"உன் வண்டி மீட்டர் சுத்தைத்தாம்ப்பா எண்ணும். இன்னும் சின்னச் சக்கரம்தான் இருக்குன்னு அது நெனச்சிண்டிருக்கு. முந்நூறுக்கு மேல ஓடியிருப்பே, அது கம்மியாத்தான் காட்டும். கொறைஞ்சுதுன்னு நீ சொல்ற மைலேஜ்ல கால்வாசி போகவே இல்லை, எண்ணாம விட்டிருக்கு. மீதி நெஜமாவே போச்சு. டயர் கனம், அகலம், ரோட்டைப் பிடிச்சு இழுக்கறது. அதை உருட்ட எஞ்சின் முக்கணும்."

சரி, அதுகூடப் போகட்டும் என்றிருந்தேன். அடுத்ததாக ஒன்று சொன்னாள் பாருங்கள், அதுதான் என்னைச் சாய்த்துவிட்டது. "வேகமும் அப்படித்தாம்ப்பா. முள் நாப்பதுன்னா நீ நாப்பத்திரண்டு, நாப்பத்துமூணுல போயிண்டிருக்கே."

மாப்பிள்ளை, நான் நாற்பத்துமூன்றில் போயிருக்கிறேன்! ஒரு மாதமாக! பள்ளிக்கூட வாசலில், கோயில் வாசலில், எனக்கே தெரியாமல்! அன்றிலிருந்து உங்கள் சக்கரத்தில் போகும்போது மனதுக்குள் மூன்றைக் கழித்துக்கொண்டு முப்பத்தேழில் ஓட்டுகிறேன். இப்போது சைக்கிள்காரர்களும் ஹாரன் அடிக்கிறார்கள்.

மறுநாளே சௌகத் அலி கடைக்குப் போய்ப் பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் ஞாயிறு வந்தது. நீங்கள் வீடியோ காலில் வந்து, "மாமா, வண்டியைக் காட்டுங்கோ, எங்கப்பா பாக்கணும்ங்கறார்" என்றீர்கள். நெட் சரியில்லை என்று போனை ஆஃப் செய்துவிட்டு, அந்த மத்தியானமே ஓடிப்போய் மறுபடி உங்கள் சக்கரத்தை மாட்டி, சாயங்காலம் காட்டினேன். மாப்பிள்ளை எடுத்துக்கொடுத்த வேஷ்டியை மாப்பிள்ளை வரும்போது கட்டிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. "இன்னா சார், வண்டிக்கு வாராவாரம் பண்டிகை டிரெஸ்ஸா?" என்று சௌகத் அலி சிரித்தார். சிரித்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டு வாணியம்பாடிக்குப் போய்விட்டார். ஆக, இன்றைய தேதியில் வண்டியில் இருப்பது உங்கள் சக்கரம்தான். விஷயம் தெரிந்ததும் ஸ்ம்ருதி, "நீயே அவர்கிட்டச் சொல்லு, இல்லேன்னா நான் சொல்லிடுவேன்" என்று கெடு வைத்துவிட்டாள். ரமாவோ, "கழட்டினேள்னு தெரிஞ்சா மாப்பிள்ளை மனசு என்ன பாடுபடும்? நாளைக்கு நம்ம பொண்ணுன்னா அங்க போய் வாழணும்?" என்கிறாள். நடுவில் நான்.

என் கவலை ஒன்றே ஒன்றுதான். டாக்டர் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. முடிச்சூருக்கு என்றால் டாக்ஸிக்காரர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி வழியில் ரத்து செய்கிறார்கள், ஆகையால் நான்தான் ஓட்ட வேண்டும். டேங்கை இப்போது ரொப்பிவிட்டேன், வாஸ்தவம். ஆனால் பெட்ரோல் முள் செத்துவிட்டது, தூர மீட்டர் பொய், வேக முள்ளும் பொய். முழுக்கத் திருப்பினால் டயர் உள்ளே உரசிக்கொண்டு கத்துகிறது. எதைச் சொன்னாலும் நம்ப முடியாத வண்டியில் என் பெண்ணையும் உங்கள் குழந்தையையும் வைத்துக்கொண்டு நான் எப்படிப் போவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே, கோபித்துக்கொள்ளாமல், அந்தச் சக்கரங்களை நிரந்தரமாகக் கழற்ற அனுமதி தர வேண்டும். சம்பந்தியிடம் திருட்டுப் போய்விட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு வரி பதில் போதும்.

தங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளவும். வேளைக்குச் சாப்பிடவும். தீர்க்காயுசாக, சகல சௌபாக்கியத்துடன் நீங்கள் இருவரும், வரப்போகிற மூன்றாவது ஜீவனும் இருக்க வேண்டும் என்று நாங்கள் வேண்டுவதைத் தெய்வமெல்லாம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்
யக்ஞநாராயணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஆசீர்வாதம் தவிர மற்ற எல்லாவற்றையும் ரத்து செய்கிறேன்.

இன்று புதன்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெண் பிறந்த சேதியைப் போனில் சொல்லிவிட்டேன், நீங்களும் விமானம் ஏறிவிட்டீர்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த கதையை ஸ்பீக்கரில் சொல்ல முடியவில்லை, ஆகையால் இந்தக் கவரை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். காலையில் இந்தக் கவரை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஸ்ம்ருதிக்கு வலி எடுத்துவிட்டது. டாக்ஸி இரண்டு தடவை ரத்து. கவர் சட்டைப் பையில் இருக்க, வண்டியை எடுத்தேன். பாலம் ஏறும்போதே அவள் கதற ஆரம்பித்தாள். "அப்பா, வேகமாப் போ!" "போயிண்டுதாம்மா இருக்கேன்." "நாப்பதுலதானே போறே!" "நாப்பதுலதாம்மா." ரமா ஸ்லோகத்தைப் பாதியில் விட்டுவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தாள், அந்த வார்த்தைகளை எழுத முடியாது. முன்னால் ரோடு காலியாக இருந்தது மாப்பிள்ளை, ஆனாலும் என் கால் அதற்கு மேல் அழுத்தவில்லை. பழக்கம் அப்படி, என்ன செய்ய? சானடோரியம் சிக்னலில் பச்சை மஞ்சளாக மாறுகிற நொடியில் தாண்டிவிட்டேன். பின்னால் எல்லாம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் லிஃப்டை விட்டு வெளியே வருவதற்குள் உங்கள் மகள் வெளியே வந்துவிட்டாள். "அந்த சிக்னல்ல நின்னிருந்தீங்கன்னா கார்லயே பொறந்திருக்கும் சார். கழுத்துல கொடி வேற சுத்தியிருந்துது, நல்ல வேளை" என்றார் சிக்னல் கதையைக் கேட்ட டாக்டர்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. பதற்றத்தில் மூன்றைக் கழிக்க மறந்துவிட்டேன். முள்ளை நம்பி நாற்பதில் வந்தேன். நிஜத்தில் நாற்பத்துமூன்றில் வந்திருக்கிறேன், உங்கள் சக்கரம் கொடுத்த அந்த மூன்றில்தான் சிக்னலைத் தாண்டினேன். நானாக ஒருநாளும் போயிருக்கமாட்டேன். என் பெண் கதறியும் போயிருக்கமாட்டேன். வராந்தாவில் எல்லாரும் பார்க்க அழுதுவிட்டேன். குடிக்கட்டும் மாப்பிள்ளை, அந்த வண்டி எவ்வளவு பெட்ரோல் வேண்டுமானாலும் குடிக்கட்டும். பரணில் இருக்கும் பழைய சக்கரங்களை எடுத்துக்கொண்டு போகும்படி சௌகத் அலிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

உள்ளே விட்டார்கள். குழந்தையைப் பார்த்தேன், மூக்கு உங்களுடையது. ஸ்ம்ருதி கண்ணைத் திறந்து, "எத்தனைலப்பா வந்தே?" என்று கேட்டாள். "நாப்பதுலதாம்மா" என்றேன். அவள் விரலை மடித்து மூன்று என்று காட்டிச் சிரித்தாள். நான் நாற்பதைத் தாண்டியதை ரமாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.