எப்பவும் போல இருந்தவர்

பெங்களூரில் ஒரு வருஷம் முழுக்க மாறாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு ஆள். மெட்ரோ வந்தது. இருந்த ரோட்டைக் காணோம். எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் கண்ணாடி டம்ளர் போய்ப் பேப்பர் கப் வந்தது. அவர் மாறவில்லை. மாறக் கூடாது என்று ஆஸ்பத்திரியே சொல்லியிருக்கிறது என்பது அவர் கட்சி.

ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் அட்டெண்டர். ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. ஆராய்ச்சி என்றால் எலி, கண்ணாடிக் குழாய் எல்லாம் இல்லை. மூன்று மேசை, ஒரு பீரோ, அது நிறைய அச்சடித்த பாரங்கள். ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். அது விதி. அதனால் இவர் பெயரையும் எழுதப் போவதில்லை. எங்களுக்கு அவர் கண்ட்ரோல் அண்ணன்.

அண்ணன் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் க்யூ.சி. மெஷினில் இருந்து வரும் பீஸை அளந்து, இது தேறும், இது தேறாது என்று சொல்கிற வேலை. ரிட்டயர் ஆன வருஷமே நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதுதான் எங்கள் ஆராய்ச்சி ஆரம்பித்திருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களை இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதிக்கு மாத்திரையோடு யோகா வகுப்பும் உண்டு. மறு பாதிக்கு வழக்கமான மாத்திரை, டாக்டர் வழக்கமாகச் சொல்வது, அவ்வளவுதான். வருஷக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பது. யார் எந்தப் பாதி என்று டாக்டர் முடிவு செய்ய முடியாது. ஒட்டிய கவரைப் பிரித்தால்தான் தெரியும்.

சம்மதப் பாரம் பல பக்கம். எல்லோரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடுவார்கள். அண்ணன் முழுக்கப் படித்தார். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வர வேண்டும், ஏழு நாள் முன்னே பின்னே ஆகலாம் என்று ஓர் இடத்தில் இருந்தது. அங்கே விரலை வைத்தார்.

"ஏழு நாளா? மேடம், இது டாலரன்ஸ் இல்ல, நெனச்சப்ப வந்து போற சத்திரம்."

மேடம்தான் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிறவர். மைசூர்ப் பக்கம். தமிழ் நன்றாகப் பேசுவார். வயசானவர்களை அப்பாஜி என்பார். பாரத்தை வாங்கிக்கொண்டு அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்வது என்று கேட்டார்.

"வொய்ஃப்."

"பிள்ளைங்க?"

"ஒரு பையன். பேச்சு வார்த்தை இல்ல."

பக்கத்தில் இருந்த அக்கா, அவர் மனைவி, கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மறுபடி திறந்து மறுபடி மூடினார். மேடம் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கவரைப் பிரிக்கும்போது நான் வெளியே போய்விட வேண்டும்; உள்ளே நடந்தது பின்னால் அண்ணன் சொன்னது. யோகா இல்லை. இந்த இடத்தில் எல்லோருக்கும் முகம் விழுமாம். ஒருத்தர் கவரை மாற்றித் தரச் சொல்லி மேடத்திடம் கெஞ்சினாராம். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் என்ன செய்யணும் மேடம்?"

"ஒண்ணும் வேணாம் அப்பாஜி. மாத்திரை போடுங்க, டாக்டர் சொன்னதைக் கேளுங்க. மத்தபடி எப்பவும் போல இருங்க. நீங்க கண்ட்ரோல்."

"அப்படின்னா?"

"உங்களை வெச்சுத்தான் மத்தவங்களைப் பார்ப்போம்."

அண்ணன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர் பீஸ்," என்றார்.

பிறகு எனக்கு விளக்கினார். கம்பெனியில் ஒரு பீஸ் மட்டும் வெல்வெட் பெட்டியில் இருக்குமாம். அதை யாரும் வெறும் கையால் தொடக் கூடாது. அதை வைத்துத்தான் மற்றதை எல்லாம் அளப்பார்கள். அது ஒரு முடி தேய்ந்தாலும் அன்றைக்குச் செய்தது மொத்தமும் ரிஜெக்ட். "முப்பது வருஷம் அந்தப் பெட்டியைப் பூட்டி வெச்சவன் தம்பி நான். இப்ப என்னையே பெட்டில வெச்சிட்டாங்க."

பெட்டியிலேயே இருந்தார்.

மறு வாரமே போன் வர ஆரம்பித்தது. மேடம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்ப்பார்.

"மேடம், வீட்ல சோனா மசூரி தீந்துபோச்சு. இவ பொன்னி வாங்கிட்டா. சாப்பிடலாமா?"

"சாப்பிடுங்க அப்பாஜி."

"எழுதிக்கிட்டீங்களா?"

இன்னொரு நாள் தோசைக்கல். அப்புறம் தலையணை. அவர் வீடு இருக்கும் ஜோகுபாளையத்தில் அவருக்கு முடி வெட்டுகிறவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் இரண்டு மாசம் வரவில்லை. அண்ணன் வேறு கடைக்குப் போக மாட்டேன் என்றுவிட்டார். முடி காதை மூடி, கழுத்தை மூடி, கடைசியில் செக்யூரிட்டி அவரை ஏதோ சாமியார் என்று நினைத்து உள்ளே விடவில்லை.

மெட்ரோவில் வந்தால் சுருக்கா வரலாமே என்று ஒரு தடவை சொன்னேன்.

"ஸ்டேஷன்ல படி இருக்கு தம்பி. படி ஏறினா எக்ஸர்சைஸ்."

"எஸ்கலேட்டர் இருக்குண்ணா."

"அது நின்னுபோச்சுன்னா?"

பஸ்ஸிலேயே வந்தார். சொன்ன தேதிக்கு, ஒரு நாள் முன்னே பின்னே இல்லாமல். மூன்றாம் மாசத் தேதி ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. பூட்டிய அறைக்கு எதிரே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். திங்கட்கிழமை செக்யூரிட்டி ஒரு சீட்டு கொடுத்தார். 'நான் வந்தேன். நீங்கள் இல்லை.' கீழே கையெழுத்து. அன்றைக்கே போன் போட்டுத் திரும்ப வரவழைத்தோம்.

யோகா வகுப்பு எங்களுக்குப் பக்கத்து அறை. அங்கே பாஷா பாய் என்று ஒருவர் வருவார். டயர் கடை வைத்திருக்கிறவர். மூக்கைப் பிடித்து மூச்சு விடுவதில் பெரிய ஆள். ஒரு நாள் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"க்யா அண்ணா, சும்மா குந்திட்டு இருக்கீங்க? இதோ, இந்த மூக்குல இழுத்து அந்த மூக்குல..."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு எழுந்தார். "பாய், காட்டாதீங்க. எனக்கு வந்துடும்." சுவரைத் தடவிக்கொண்டே போய் வராந்தாவின் அந்தக் கடைசியில் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் இருபது பேர் சேர்ந்து மூச்சு விட்டால் தன் மூச்சும் கூடப் போகிறதாம். அதற்காக அங்கிருந்து பலமாக இருமிக்கொண்டிருந்தார்.

இனி நடை. ஒவ்வொரு தடவையும் ஆறு நிமிஷம் நடக்க வேண்டும். வராந்தாவில் இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் கூம்பு வைப்பேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு நடக்கச் சொல்லி நான் சுற்றுகளை எண்ணுவேன். எண்ணுகிறவனுக்கு யார் எந்தப் பாதி என்று தெரியக் கூடாது, அது விதி. அண்ணன் முதல் நாளே கூம்புக்குப் பக்கத்தில் நின்று, "தம்பி, நான் கண்ட்ரோல்" என்றார். மேடம் நெற்றியில் கை வைத்தார். எண்ண வேறு ஆளும் இல்லை. விதி மீறிய கதையை ஒரு பாரத்தில் எழுதி வைத்தார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

முதல் தடவை அவர் நடை தீயணைப்பு சிலிண்டருக்குக் கீழே இருக்கும் ஒரு உடைந்த டைல்ஸில் முடிந்தது. மூன்றாம் மாசமும் அதே சுற்று, அதே டைல்ஸ். ஆறாம் மாசமும் அதே. கடைசி நிமிஷத்தில் பூனை மாதிரி அடி வைத்து அங்கே வந்து நின்றார்.

"அப்பாஜி, மூணு தடவையும் ஒரே மீட்டரா?"

"வரணும்ல மேடம். இல்லாட்டி நான் என்ன மாஸ்டர் பீஸ்?"

"முடிஞ்ச அளவு நடக்கணும் அப்பாஜி. நிறுத்தி வைக்கக் கூடாது."

"முடியும் மேடம். ஆனா டைமன்ஷன் மாறிடுமே."

மேடம் இன்னொரு பாரம் எடுத்தார்.

அன்றைக்குத்தான் அக்கா என்னிடம் பேசினார். அண்ணன் ரத்தம் கொடுக்கப் போயிருந்தார்.

"உங்க ஆராய்ச்சி எப்ப தம்பி முடியும்?"

"இன்னும் ஆறு மாசம்கா."

"அவ்ளோ நாளா?" கொஞ்ச நேரம் ஜிப்பை இழுத்தார். "பையனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. போன் பண்ணான். இவரு எடுக்கல. கேட்டா, நாலு வருஷமா பேசறதில்ல, இப்பப் பேசினா எப்பவும் போல இல்லைன்னு ஆயிடுமாம். நடுவுல மாத்தினா எல்லாரோட கணக்கும் கெட்டுப்போகுமாம்."

"எதுக்குக்கா பேச்சு நின்னுது?"

"இவரு கம்பெனில கால்ல விழாத குறையா கேட்டு வேலை வாங்கித் தந்தாரு. மூணு மாசத்துல சொல்லாமக் கொள்ளாம விட்டுட்டு வந்தான். கேக்கு பண்ணணுமாம். இனிமே என்கிட்டப் பேசாதேன்னாரு. அவனும் பேசல. இவரு பெத்ததுதான, சொன்னா சொன்னதுதான்." விவேக் நகரில் பையன் பேக்கரி வைத்திருக்கிறான் என்றார். ஜோகுபாளையத்திலிருந்து ஆட்டோ தூரம். "வியாழக்கிழமை சர்ச்சுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போய் பாப்பாவைப் பாத்துட்டு வர்றேன். அவருக்குத் தெரியாது."

மேடத்திடம் சொன்னேன். மேடம் அன்றே அண்ணனுக்குப் போன் போட்டு, வீட்டு விஷயத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமில்லை என்றார். அவர், "போன்ல சொல்றதெல்லாம் செல்லாது மேடம்" என்று வைத்துவிட்டார்.

ஒன்பதாம் மாசம் சொன்ன தேதிக்கு வந்தார். அக்காவும் வந்தார். அண்ணன் உட்காரவில்லை. மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, ஒரு மாத்தம் கேட்கணும். யார்கிட்ட கொடுக்கணும்?"

கம்பெனியில் எதையாவது மாற்ற வேண்டுமானால் எழுதிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி கோடு போட்டு எழுதியிருந்தார். பெரிய டாக்டர் அப்போது அறையில் இருந்தார். அவரிடம் கொடுத்தேன். டாக்டர் சத்தமாகவே படித்தார்.

"மாற்றம்: மகனிடம் பேசுதல். காரணம்: பேத்தி. ஆதாரம்: மனைவி சர்ச்சிலிருந்து வந்தால் மெழுகுவத்தி வாசனை வர வேண்டும். வியாழன்தோறும் புடவையில் பால் வாசனை வருகிறது."

அக்கா புடவைத் தலைப்பை எடுத்து மோந்து பார்த்தார். உடனே கீழே விட்டார்.

டாக்டர் கேட்டார். "உங்களை மகன்கிட்டப் பேச வேணாம்னு யாரு சார் சொன்னது?"

"நீங்கதான் சார். எப்பவும் போல இருக்கச் சொன்னீங்க. நாலு வருஷமா நான் பேசறதில்ல."

டாக்டர் மேடத்தைப் பார்த்தார். அக்கா எழுந்தார். அவர் அந்த அறையில் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அதுக்கு முன்னாடி?"

அண்ணன் திரும்பினார்.

"அதுக்கு முன்னாடி இருபத்தாறு வருஷம் பேசுனீங்க. அவன் வாயில்லாத கைக்குழந்தையா இருக்கும்போதே பேசுனீங்க. ஷிஃப்டு முடிஞ்சு வந்ததும் அன்னிக்கு நடந்ததை அவன்கிட்ட ஒப்பிச்சிட்டுத்தான் சோறு. இருபத்தாறு வருஷம் அது. நாலு வருஷம் இது. இதுல எதுங்க எப்பவும் போல?"

அண்ணன் கணக்குப் போடுவது வெளியே தெரிந்தது. உதடு அசைந்தது. நின்றது.

"ரீடிங் தப்பா எடுத்துட்டேன்," என்றார்.

இருந்தாலும் கையெழுத்து இல்லாமல் நகரவில்லை. டாக்டர் 'பேசலாம்' என்று எழுதி, தேதி போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். அண்ணன் அதை ஸ்டென்ட் கார்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்தார். அங்கேயே போன் போட்டார். நாங்கள் போகலாமா என்று பார்த்தோம். போகவில்லை.

"நான்தான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சாப்டியா?"

ஏதோ பதில் வந்தது.

"ஆஸ்பத்திரில இருக்கேன். இல்ல, இல்ல, ஒண்ணுமில்ல. நடக்க வந்திருக்கேன்."

போனை வைத்தார். பி.பி. பார்த்தால் எகிறிக் கிடந்தது. இது இறங்காமல் நடக்கக் கூடாது என்று மேடம் நாற்காலியில் உட்கார வைத்தார். இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு கூம்பு வைத்து நடக்க விட்டேன்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். வராந்தாவின் அந்தக் கடைசியில், கூம்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றான். கையில் ஹெல்மெட், சட்டையில் மாவு. பக்கத்தில் ஒரு பெண், தோளில் குழந்தை. அவனுக்கு அண்ணனுடைய அதே மூக்கு. யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நடக்கும்போது பேசக் கூடாது. அண்ணன் விதியை மீறவில்லை. நடந்தார். அந்தப் பக்கம் போகும்போது விறுவிறு என்று போனார். கூம்பைச் சுற்றித் திரும்பும்போது கழுத்து மட்டும் அங்கேயே நின்றது. இந்தப் பக்கம் வருகிற நடையில் கொஞ்சமும் இஷ்டமில்லை. மறுபடி அந்தப் பக்கம், விறுவிறு. நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "நல்லா நடக்கறீங்க. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு." பையன் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

வழக்கமாக நிற்கிற சுற்றில் உடைந்த டைல்ஸை எப்போது தாண்டினார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதற்கு மேல் இரண்டு சுற்று. ஆறு நிமிஷம் முடிந்தபோது அந்தப் பக்கக் கூம்பில் இருந்தார். நான் நிறுத்தச் சொன்னேன். நாற்காலி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், அது என் வேலை. அன்றைக்கு மெதுவாகத்தான் போனேன்.

பையன் குழந்தையை வாங்கி நீட்டினான். அண்ணன் இரண்டு கையையும் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

பன்னிரண்டாம் மாசம் நடந்து முடித்து, எல்லோருக்கும் கேக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

போன வாரம் மேடம் கம்ப்யூட்டரில் படம் காட்டினார். ஆறு நிமிஷ நடையின் தூரம், கோடு கோடாக இருந்தது. ஒன்று யோகாக்காரர்களுடையது, ஒன்று கண்ட்ரோல். கண்ட்ரோல் கோடு ஒன்பதாம் மாசத்தில் லேசாக, ஒரு மயிரளவு ஏறியிருந்தது. நான் விரலை வைத்தேன். மேடம் சிரித்தார். அது எல்லோரும் சேர்ந்த கணக்கு, ஒரு ஆளால் கோடு அப்படியெல்லாம் ஏறாது என்றார்.

மேடம் படித்தவர். எண்ணினவன் நான். கூம்பை எடுத்து வைக்கப் போனேன்.