சரவுண்டு அண்ணனின் வலது சுவர்

உலகத்தில் எங்கே தேடினாலும், எல்லா ஸ்பீக்கரையும் ஒரே சுவரில் மாட்டிவிட்டு அதற்குச் சரவுண்டு என்று பெயர் வைத்த மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குடியிருந்த பாவி நான்.

நயினார்கோவில் பக்கத்து ஆளான எனக்கு தங்கச்சிமடத்தில் வேலை கிடைத்தபோது, கடல் இரைச்சலில் எப்படித் தூங்குவது என்றுதான் பயந்தேன். கடல் ஒரு தொந்தரவும் செய்யவில்லை. செய்தது பக்கத்து வீட்டுக்காரர். விசைப்படகு டிரைவர். அவருடைய ஞானஸ்நானப் பெயர் பங்குச் சாமியாருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் சரவுண்டு.

மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் வலையில் கிழிசலைப் பொத்திக்கொண்டிருக்க, இவர் வீட்டுக்குள் தியேட்டர் கட்ட ஆரம்பித்தார். வீடு என்றால் ஒரே அறை. வாசலில் செருப்பை உதறினால் அடுப்படியில் போய் விழும். டிவி வைக்க இடமில்லை. அதனால் படகுக் கயிறும் கப்பியும் போட்டு, சாப்பாட்டு நேரத்தில் டிவியைக் கூரைக்கு ஏற்றிவிடுவார். வூஃபர் அரிசி டிரம்முக்கு அடியில் போயிற்று. சண்டைக்காட்சி வந்தால் அரிசி தானாகப் புடைத்துக்கொள்ளும்.

சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் தெர்மாகோல் ஒட்டினார். தெர்மாகோல் என்றால் கடையில் வாங்கியது இல்லை, மீன் பெட்டியை உடைத்தது. கழுவினாரா என்பது அவருக்கே வெளிச்சம். சத்தம் உள்ளே நின்றதோ இல்லையோ, தெருப்பூனை அத்தனையும் உள்ளே வந்துவிட்டது.

"படம் பாக்கத்தான் வருது, விடுங்க சார்" என்றார் பெருமையாக.

"அண்ணே, சரவுண்டுன்னா சுத்தி வைக்கணும்ணே. நீங்க வலதுபக்கச் சுவத்துலயே எல்லாத்தையும் மாட்டிருக்கீக!"

"சத்தம் எங்கன வரணும்னு எனக்குத் தெரியும் சார்" என்று முடித்துவிட்டார். அன்று முதல் என் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் அலமாரியில் நின்றதில்லை.

அண்ணன் மனைவி மேரியக்காவுக்கு இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அவருடைய வயிற்றெரிச்சல் வேறு. ஒரே மகள் ஜெனி குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போயிருந்தாள். போக வேண்டாம் என்று அண்ணன் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. அவள் போன பிறகு அவர் மகளோடு பேசுவதே இல்லை. மேரியக்கா போனை நீட்டினால் காதில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "ம்... ம்..." என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பக்கம் பிள்ளை அழும். இந்தப் பக்கம் தாய் அழுவார்.

"பெத்த புள்ளகூட ஒரு வார்த்த பேச மாட்டேங்கிற மனுசனுக்கு எதுக்கு சார் இத்தன பெட்டி? நீங்களாவது கேளுங்க" என்பார் என்னிடம். கேட்டேன். அண்ணன் ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கும் அவர்மேல் கோபம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு ஜெனியின் போன் வந்தது. நான் என் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் சுவரே பேசியது.

"அய்யா!"

தட்டுகள் மொத்தமும் தரைக்கு வந்தன. பக்கத்து வீட்டிலிருந்து பூனைகள் தெறித்து ஓடின. என்னவோ ஏதோவென்று ஓடிப்போய்ப் பார்த்தால், அண்ணன் போனைப் புளூடூத்தில் போட்டுவிட்டு, வலது காதைச் சுவரில் ஒட்டி நிற்கிறார்.

"அய்யா, சாப்டீகளா? இன்னமும் எம்மேல கோவமா அய்யா?"

நடுக்கடலில் அடுத்த படகைக் கூப்பிடுகிற குரலில் அண்ணன் கத்தினார். "கோவமெல்லாம் இல்லடி தாயி! எஞ்சினுகிட்டயே கெடந்து இடது காது செத்துப்போச்சு! வலதும் பாதிதான்! போனுல நீ பேசுறது ஒண்ணுமே கேக்கலடி! இப்பத்தான் கேக்குது, பேசு!"

மேரியக்கா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடற்கரையில் எல்லோருமே கத்திப் பேசுகிறவர்கள். அதில் இவருக்குக் காது கேட்காதது கட்டிய மனைவிக்கே தெரியவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் படகிலிருந்து இறக்கிவிடுவார் என்று மூடி மறைத்திருக்கிறார். அந்த முதலாளி வீடு தெருமுனையில். இவர் போட்ட சத்தம் பாம்பன் வரைக்கும் போயிருக்கும்.

முதலாளி வந்தார். அவர் அண்ணனின் வலதுபக்கமாகப் போய் நின்று சொன்னார்: "ஏலே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? எஞ்சினுமேல கைய வச்சுத்தானலே நீ சத்தத்தக் கண்டுபிடிப்ப! தடை முடிஞ்சதும் கெளம்பி வா."

அதன் பிறகு ஞாயிறுதோறும் குவைத்தில் என்ன குழம்பு என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

இப்போது மாற்றலாகி ராமநாதபுரத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பழக்கதோஷத்தில் தட்டுகளைக் கீழே இறக்கி வைத்துவிடுகிறேன். ஒன்றும் விழுவதில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருக்கிறது.