மாப்பிள்ளை அனுப்பிய கறுப்புச் சதுரம்

உத்திரமேரூர்,
புரட்டாசி, 2008.

அன்புள்ள மாப்பிள்ளை வினோத் அவர்களுக்கு, மாமனார் பஞ்சாட்சரம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கறவை மாடும் சௌக்கியம். ஜப்பானில் நீங்களும் சௌமியாவும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாகறல் ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடலாமா என்று நீங்கள் இருவரும் யோசிப்பதாகச் சௌமியா போனில் சொன்னாள். அதிலிருந்து உங்கள் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்குகிறது, ருசிதான் தெரியவில்லை. அது இருக்கட்டும், எழுத வந்தது அந்தச் சதுரத்தைப் பற்றி.

மாகறல் ரோட்டில் நம் மேட்டு நிலத்தை மனை போட்டு விற்கப் போகிறேன் என்றதும், "பலகையில் இதைப் போடுங்கள் மாமா, கேமரா போனைக் காட்டினால் விவரமெல்லாம் போனிலேயே வந்துவிடும்" என்று ஈ-மெயிலில் ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரம் அனுப்பினீர்கள். படித்த மாப்பிள்ளை சொல்லைத் தட்டலாமா? பெயின்டர் முனியன் நூல் பிடித்துக் கட்டம் கட்டமாகப் பலகை முழுக்க அதையே எழுதினான். இந்த ஊர்ப் போன்களில் டார்ச் நன்றாக எரியும், அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்பதை நாம் இருவருமே யோசிக்கவில்லை.

மறுநாள் செங்கல் சூளை மேஸ்திரி கோபால் வந்து பலகையை ரொம்ப நேரம் பார்த்தான். "இன்னாண்ணா, பாதிக்கு மேல கருப்பு அடிச்சிக் கீது, அதுக்குள்ள இவ்ளோ மனை வித்துப் போச்சா?" என்றான். வரைபடத்தில் விற்ற மனையைக் கறுப்பாக அடிப்பதுதானே இங்கே வழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டான், சாயங்காலமே கூட்டம் கூடிவிட்டது. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை மாப்பிள்ளை, சும்மா நின்றிருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் மூன்று மூலையிலும் பெரிது பெரிதாக இருக்கிற சதுரங்கள் அவர்கள் கண்ணில் பட்டன. "இது கோயிலு, அது கொளம், இது பசங்க ஆடற பார்க்கு" என்று கோபாலே பிரித்துக் கொடுத்துவிட்டான். களையெடுத்துப் பிழைக்கிற ஆண்டாளம்மாள் முன்னால் வந்து, "அடுத்தவங்க நெலத்து ஓரத்துலயே குடிசை போட்டுக்கினு காலம் போச்சி. கொளத்தாண்ட ஒரு வெள்ளைக் கட்டம் குடு நைனா, தண்ணி தூக்க முடியல" என்றாள். அது குளமில்லை, போன் பார்ப்பதற்கான அடையாளம் என்று எந்த வாயால் சொல்வது? ஆகட்டும் என்றேன். இப்போது அந்த மூலையில் இருந்த பாழ்கிணற்றைத் தூர் வாரிக்கொண்டிருக்கிறேன், பிள்ளையாருக்கு ஒரு மூலை விட்டாயிற்று, சறுக்குமரம் எங்கே கிடைக்கும் என்று காஞ்சிபுரத்தில் விசாரிக்கிறேன்.

இத்தோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். பஞ்சாங்கம் பார்க்கிற சுப்பிரமணி கிட்டே வந்து, "மூணு மூலை நெறைஞ்சிக் கீது, அக்னி மூலைய மட்டும் காலியா வுட்டுக்கீறியே, அங்க இன்னா வரப் போவுது?" என்று கேட்டார். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். என்ன கிரகமோ, "என் பொண்ணும் மாப்பிள்ளையும் வூடு கட்டப் போற எடம்" என்று வாயில் வந்துவிட்டது. "ஜப்பான்லருந்து வந்து அவங்களே குடியிருக்கப் போறாங்கன்னா நெலம் சுத்தம்தான்" என்று அத்தனை பேருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஆண்டாளம்மாள் குடிசையைப் பிரிக்க நாள் பார்க்கிறாள்.

ஆகையால் சதுரத்தை அழித்துவிட்டு உண்மையான வரைபடத்தைப் போடுவதாக முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் அங்கேயே தங்குவதானால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், ஊரைக் கூட்டி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களை நான் கட்டாயப்படுத்தவே இல்லை.

சௌமியாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். வேகாத மீனைத் தொட வேண்டாம். இருவரும் எல்லா வளமும் பெற்று வாழ ஆசீர்வதிக்கும்,
பஞ்சாட்சரம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் நாலு நாள் கிடந்துவிட்டது, அதற்குள் ஒரு விஷயம். சதுரத்தை அழிக்க முனியனை அனுப்பினேன். அவன் அழிக்கவில்லை. காலி மூலையில் ஒரு மாடி வீடு வரைந்து, வாசலில் புடவை கட்டிய பெண் ஒருத்தியையும் பேன்ட் போட்ட ஒருவரையும் நிறுத்தி வைத்திருக்கிறான். இனி உங்கள் ஜப்பான் போனால்கூட அதைப் படிக்க முடியாது என்று நினைக்கிறேன். உங்கள் அத்தை தினமும் வீடுகளுக்குப் பால் ஊற்றுகிற சாக்கில் போய் அந்த வாசலைப் பார்த்துவிட்டு வந்துதான் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். எனவே பலகை அப்படியே இருக்கும். கட்டாயப்படுத்தவில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். தை மாதம் உங்கள் வீட்டுக்குக் கடைக்கால் போட ஆள் சொல்லியாகிவிட்டது.