வலச்சக்கரம் வெகுண்டெழுந்த படலம்

வாழ்க சிற்றம்பலம்! ஸ்கந்தபுரத்து நெல்வயற் கோமான், தந்தை விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் காரைத் தேரெனப் பேணும் திண்தோளன், மனைவியிடம் பேசுவதைவிட மென்மொழியால் அதனிடம் பேசும் பெருந்தகை, நீடு வாழ்க! கலைமகளே, இக்கதை பாட என் நாவில் வந்தமர்க. கிரீஸ் படும், வெண்சேலையைச் சற்று ஒதுக்கிக்கொள்க.

அவ்வீரனின் வீட்டு வாசற் படலைக்கு வெளியே, கார்த்திகை மழை பெற்றெடுத்த களிமண் சேறு பகைவர் அகழியாய்ப் பரந்து கிடந்தது. தேர் அதில் இறங்கியதும் இடப் பின்சக்கரம் வெறிகொண்டு சுழன்று சேற்றை வாரி இறைக்கும். வலப் பின்சக்கரமோ கலியாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமனைப்போல் அசையாது நிற்கும். ஆகவே தள்ள வரும் சுற்றத்தார், சேறு படாத வலப்பக்கமே நின்று தள்ளுவது அக்குலத்தின் வழக்கமாயிற்று.

இந்நிலையில் மகள் யதுர்ஷிகாவின் திருமண நாள் குறிக்கப்பட்டது. "அப்பான்ர காரிலதான் நான் கோயிலுக்குப் போவன்" என்றாள் அவள். அச்சொல் கேட்டுச் சிற்றம்பலத்தின் கண் கலங்கியது உண்மை. ஆனால் மணப்பெண் ஏறிய வாகனத்தைப் பின்னுக்கு எடுத்தல் ஆகாது என்பது ஊர் விதி. சேற்றில் புதைந்தால் முன்னேறுவதன்றி வேறு வழியில்லை. அப்போது இல்லத்தரசி விமலேஸ்வரி, குசினி வாசலில் அகப்பையை உயர்த்திச் சூளுரைத்தார்:

"கார் சேத்துக்குள்ள நிண்டுதோ, பிள்ளை ஓட்டோவிலதான் போவாள். ஓம், சொல்லிப்போட்டன்!"

ஓட்டோ! அவ்வொரு சொல் வேலாய்ப் பாய, வீரன் வெகுண்டெழுந்தான். ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதையும் விடாது உருட்டும் லிமிட்டட் சிலிப் டிப்ரன்சல் எனும் தெய்வப்படைக்கலம் தேடி, துணுக்காய் கராச்சுகளிலும், கனகராயன்குளத்துப் பழைய இரும்புக் குவியல்களிலும், வவுனியாவின் உதிரிப்பாகக் கடைகளிலும் அலைந்து திரிந்தான். கடைக்காரர் ஒருவர் அவனை இரக்கத்தோடு நோக்கினார். "அண்ணை, உந்தக் காரையே இப்ப காணேலாது. அதுக்கு இந்தச் சாமானோ?"

கிடையாதது கண்டு கலங்கினானல்லன். செய்வதெனத் துணிந்து, முல்லைத்தீவுக் கடலோரத்தில் படகு எஞ்சின்களுக்கு உயிரூட்டும் நண்பன் யோசெப்பை அழைத்துவந்தான். பழைய மோட்டார்சைக்கிள் கிளச் தகடுகளை அராவி, அடுக்கி, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசை பகிரும் டிப்ரன்சலின் வயிற்றுக்குள் இருவரும் இறுக்கினர். பொருந்தவில்லை. கழற்றினர், மீண்டும் அராவினர். யோசெப் அந்தோனியாரை வேண்ட, சிற்றம்பலம் பிள்ளையாரை வேண்ட, இரு தெய்வங்களும் கூடியதாலோ என்னவோ, தகடுகள் ஒருவழியாக உள்ளே அமர்ந்தன.

வந்தது திருநாள். விடிய விடிய மழை. படலையோரம் தேங்காய் உடைக்கப்பட்டது. மணமகள் ஏறி அமர்ந்தாள். கிளச் தகடுகளை நம்பாத விமலேஸ்வரி காரில் ஏற மறுத்து, பட்டுச்சேலையை இழுத்துச் செருகி, சுற்றத்தாரை அணிவகுத்து, வழக்கம்போல் வலப்பக்கப் பின்புறத்தில் கைவைத்து நின்றார். "சரி, எடுங்கோ! நாங்கள் தள்ளுறம்!"

தேர் இறங்கியது, எஞ்சின் முழங்கியது, இடச்சக்கரம் சுழன்றது. அப்போது, காலங்காலமாய் உறங்கிய வலச்சக்கரம் கண்விழித்துத் தானும் சுழன்று, களிமண்ணைப் பெரும்படையின் அம்புமாரியென விண்ணில் எறிந்தது! பட்டுச்சேலைகள் மறைந்தன, சரிகை வேட்டிகள் மறைந்தன, மாமன் மச்சான்மாரின் முகங்களும் மறைந்தன. ஒருவரும் தள்ளுமுன்னே சேற்றைக் கடந்து, வெற்றிமுரசென ஹோர்ன் ஒலித்து, மகளும் தந்தையும் சிரிக்கச் சிரிக்க, வெள்ளை மொறிஸ் மைனர் கோயிலை நோக்கிப் பறந்தது.

விமலேஸ்வரி வீட்டுக்குள் திரும்பிப் போய், குளித்து, வேறு சேலை கட்டி, ஓட்டோவில் கோயிலுக்கு வந்தார்.