வரிசையில் நிற்காத துரை

அன்புள்ள தம்பிக்கு, உனக்கு முன்னால் பிறந்த ஒரே குற்றத்துக்காக உன்னிடம் இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்ளும் அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் கண் சுகமா? சுகமாகத்தான் இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்பது பின்னால் வரும். அதற்காகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் புத்தி தெரிந்துதான் சொல்கிறேன், வரிசையாகப் படி.

அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் 'நான் பார்க்கவில்லை' என்று நழுவக்கூடாது. நான், என் மருமகள், பேத்தி, பேத்திக்கு வழிகாட்டும் நாய் துரை, துரையைப் பழக்கிக் கொடுத்த மாஸ்டர், பக்கத்து வீட்டுத் தையல்காரி, கடைசியாக வந்து சேர்ந்த மூலைக்கடை பேக்கரிக்காரர். என் மகன் வேலைக்குப் போயிருந்தான். அவன் இருந்தாலும் சுவரில் மாட்டின படம் மாதிரிதான், கணக்கில் சேர்க்கவில்லை. நீ இல்லை. ஆனால் இருந்தவர்கள் எல்லோரையும்விட அன்றைக்கு நீதான் அதிகமாக இருந்தாய்.

துரையை நீ மறந்திருக்க மாட்டாய். கண் ஆபரேஷனுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினபோது உன் காலடியில்தானே கிடந்தான். கைப்பிடி வைத்த பெல்ட்டை முதுகில் மாட்டினால் அவன் உத்தியோகஸ்தன், கழற்றினால் வெறும் நாய். பிறவியிலேயே பார்வை இல்லாத பேத்தியை ஆஸ்பத்திரி டெலிபோன் வேலைக்குக் காலையில் கூட்டிப்போய் மத்தியானம் கூட்டிவருவான். படி வந்தால் நிற்பான், பள்ளம் வந்தால் சுற்றிப்போவான். பெற்ற பிள்ளைகளிடம் இல்லாத பொறுப்பு. நீ ஊருக்குக் கிளம்பிப் போனாய், அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்து உட்கார்ந்தது.

என்ன பழக்கம் என்றால், எங்கே வரிசையைக் கண்டாலும் நிற்க மாட்டேன் என்கிறான். ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆட்கள் நிற்க, இவன் எல்லோரையும் தாண்டி, பிள்ளையை நேராகக் கொண்டுபோய் முதல் ஆளுக்கும் முன்னால் நிறுத்திவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து முகவாயைத் தூக்கிக்கொண்டு எதற்கோ காத்திருக்கிறான். வங்கியில் அதே கதை. பஸ் நிறுத்தத்தில் அதே கதை. ஒருநாள் ஒரு மகராசி, "கண்ணு தெரியலன்னா வரிசையுமா தெரியாது?" என்று இவள் காதுபடவே கேட்டிருக்கிறாள். பிள்ளை அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடவில்லை.

மருமகள் சமாதானம் சொன்னாள். "விடுடி, முன்னாடி விட்டா போயிட்டு வா. உனக்குன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அதுதாம்மா பிரச்சினையே," என்றாள் பேத்தி. "வழி விடறேன்னு சொன்னவங்ககிட்டகூட வேண்டாம்னு சொல்லிட்டு நின்னவ நான். என் முறை வரும்போது போறேன். எல்லாருக்கும் எனக்கும் ஒரே மாதிரி இருக்கிறது அது ஒண்ணுதான்."

மனசு தாங்காவிட்டால் எனக்குக் கோபம் வரும், உனக்குத் தெரியும். கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே. தையல்காரியைப் பிடித்தேன். துணி கொடுக்க வரும்போதெல்லாம் "என் ராசா" என்று துரையின் கன்னத்தைக் கிள்ளுகிறவள் அவள்தான். பெல்ட் போட்ட நாயைத் தொடக்கூடாது, பேசக்கூடாது, தின்னக் கொடுக்கக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று. "கெடுத்தது நீதான்," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினேன். அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறவள் நான். அதையும் நிறுத்தினேன். தைக்கட்டும் பார்ப்போம் என்று.

பழக்கம் முற்றிப்போய், பேத்தியே மாஸ்டரைக் கூப்பிட்டாள். மாஸ்டர் அதிர்ந்து பேசாத மனிதர். வந்தவர் எங்கள் எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார். ஆள் போதாது என்று மருமகள் போய்த் தையல்காரியைக் கூட்டிவந்தாள். அவள் எனக்குப் பின்னால் நின்றாலும் மூச்சுக்கூட என் மேல் படாமல் நின்றாள். பேத்தி பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, "துரை, வரிசை," என்றாள். அவன் எங்களை ஒரு பார்வை பார்த்தான். தகுதியில்லாதவர்கள் என்று முடிவு செய்தான். தாண்டிப் போய் அடுப்படி வாசலில் உட்கார்ந்து முகவாயைத் தூக்கினான்.

"நாய் இதையெல்லாம் தானா கத்துக்காதும்மா," என்றார் மாஸ்டர். "யாரோ பாடம் நடத்தியிருக்காங்க. சரிப்படலன்னா இவனைப் பழக்கின பள்ளிக்கே கூட்டிட்டுப் போகணும். திரும்ப வர மாசக்கணக்காகும். வேற வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவாங்க."

பேத்தி பெல்ட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பித் தையல்காரியை முறைத்த அதே நேரம், கையில் ஒரு பொட்டலத்தோடு பேக்கரிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"பெரியவர் எப்படி இருக்கார்? கொஞ்ச நாளா கடைப் பக்கம் காணோமே. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பன் கொண்டுவந்தேன்."

"எந்தப் பெரியவர்?" என்றாள் மருமகள்.

"அதாம்மா, பார்வை இல்லாதவர்."

"எங்க வீட்ல பார்வை இல்லாதது நான் ஒருத்திதான்," என்றாள் பேத்தி.

"இல்லம்மா, கறுப்புக் கண்ணாடி போட்டவர். சாயங்காலமானா இவனைப் பிடிச்சுட்டு வருவார். எவ்வளவு கூட்டம் நின்னாலும் அவரை முன்னாடி விட்டுருவோம், பாவம். வாங்கின பன்ல பாதி இவனுக்கு. ஆனா என்ன ஞானம் அவருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கருகின பன் எதுன்னு தொடாமலே சொல்லிடுவார்."

துரை எழுந்து போய் அவர் முன்னால் உட்கார்ந்து முகவாயைத் தூக்கினான். தையல்காரி சும்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நீதான் பொறுப்பு.

அட பாவி. ஆபரேஷனுக்கு டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. "நாயைக் காற்றாட நடத்திட்டு வரேன்" என்று நீ கிளம்பும்போது, கண் ஆறாத நிலையிலும் என்ன உதவும் மனசு என்று நானும் மருமகளும் உருகிப்போய் நின்றோமே. பிள்ளை உறங்கும் நேரம் பார்த்து ஆணியில் தொங்கின பெல்ட்டை எடுத்திருக்கிறாய். "வரிசையில வாங்க, வரிசையில வாங்க" என்று பஸ்ஸில் ஊரையே அதட்டிச் சம்பளம் வாங்கின கண்டக்டரடா நீ. சின்ன வயதில் குழாயடியில் நான் வரிசையில் வைத்த குடத்தை நகர்த்திவிட்டு உன் வாளியை வைத்தவன்தானே. பிறந்தது ஒன்றில்தான் எனக்குப் பின்னால் வந்தாய். வேறு எதிலும் நீ எவர் பின்னாலும் நின்றதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பிழைப்பைக் கேள். மாஸ்டர் ஒரு வழி சொன்னார். அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது. அவன் தாண்டிப் போனால் பிள்ளை மரம் மாதிரி நின்றுவிட வேண்டும், திரும்பி வந்து முதலிலிருந்து நடக்க வேண்டும். கடைசி ஆள் முதுகுக்குப் பின்னால் நின்றானென்றால் அங்கேயே, அப்போதே, அவள் கைப்பையிலிருந்து அவனுடைய தீனி உருண்டையில் ஒன்று. அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அதற்கு வரிசை வேண்டுமே. தினமும் சாயங்காலம் கூடத்தில் ஒன்றுமில்லாததற்கு வரிசை நின்றோம். நான், மருமகள், மகன், பேக்கரிக்காரர். தையல்காரியும் வந்தாள், என் மன்னிப்பை எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொண்ட பிறகு. அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதையும் மறுபடி ஆரம்பித்தேன். என் முழங்கால் உன்னைச் சபிக்காத நாள் இல்லை.

நேற்று பிள்ளை கேன்டீனிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பாட்டி, இன்னைக்குக் கடைசியில நின்னான். நகர நகர நகர்ந்தான். பின்னாடி ஒருத்தர் 'சீக்கிரம் நகரும்மா, தூங்கறியா'ன்னு என்னை அதட்டினார்," என்றாள். மெடல் வாங்கினவள் மாதிரி முகம். மாஸ்டருக்குச் சொன்னோம். துரை இனி இங்கேதான்.

நீ நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். உன் புதுக் கண்ணால் பேரன் பேத்திகளின் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். ஆனால் மன்னிப்பு மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே. இந்த ஜன்மத்தில் நான் மன்னிக்காத ஆள் ஒன்று உண்டென்றால் அது நீதான்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மேலே கடைசி வரியை அடித்துவிட்டுப் படித்துக்கொள். இன்று காலை முழங்காலுக்குத் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். வரிசை தெருவரைக்கும் நின்றது. நீ மறந்துவிட்டுப் போன கறுப்புக் கண்ணாடி எப்படியோ என் பையில் இருந்தது. நாயை நான் தொடவில்லை, சத்தியம். கண்ணாடியை மாட்டி, கையை லேசாக முன்னால் நீட்டினேன், அவ்வளவுதான். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். தைலத்தை வாங்கித் திரும்பும்போது வரிசைக்குள்ளிருந்து ஒரு குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி: "பாட்டி, நேத்து எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்தது நீங்கதானே?"

உன்னை மன்னித்துவிட்டேன். அடுத்த மாதம் வா. அந்தத் தையல்காரியை மன்னிக்கவே மாட்டேன்.